விம்பிள்டன் வெல்லாத வீரர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டென்னிஸ் வீரர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் விம்பிள்டன் வென்றவர்களையே வரிசைப்படுத்துகிறோம். ஜெர்மனியின் காட்ஃபிரீட் ஃபான் கிராம் அதில் விடுபட்டுப் போகிறார். 1934, 1936 ஆண்டுகளில் பிரெஞ்சுப் பட்டம் வென்றவர் அவர். விம்பிள்டனிலோ 1935 முதல் 1937 வரை தொடர்ந்து மூன்று முறை இறுதிப் போட்டியில் தோற்றார்.

நாடுகள் அணிகளாக மோதும் டேவிஸ் கோப்பை, 1935, அமெரிக்காவுக்கு எதிரான இரட்டையர் ஆட்டம். வெற்றிப் புள்ளியில் கூட்டாளி அடித்த பந்து எதிரணியைத் தாண்டிப் போய்விட்டது. ஆட்டம் முடிந்ததென்றே எல்லோரும் நினைத்தார்கள். கிராம் நடுவரிடம் போய், பந்து முதலில் தன் மட்டையில் உரசியதாகச் சொன்னார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இருவர் மட்டையிலும் பட்டதால் விதிப்படி புள்ளி போயிற்று, அப்புறம் ஆட்டமும் போயிற்று. எனக்கு அவர் வென்ற பட்டங்களை விட இதுதான் பெரிது.

அவர் நாஜிக் கட்சியில் சேர மறுத்தவர். 1938 மார்ச்சில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவில் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். டேவிஸ் கோப்பையில் அவரை ஐந்து செட் போராடி வென்ற டான் பட்ஜ், மற்ற வீரர்களிடம் கையெழுத்து வாங்கிக் கண்டனக் கடிதம் அனுப்பினார். விடுதலையான கிராம் 1939இல் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் பாபி ரிக்ஸை 6-0, 6-1 என்று வீழ்த்தினார். சில நாட்களில் தொடங்கிய விம்பிள்டனில் கிராம் ஆடவில்லை. பட்டம் ரிக்ஸுக்குப் போனது.

விளையாட்டுப் பக்கத்தில் இவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள்.

– ஒரு டென்னிஸ் ரசிகர், திருச்சி