பதக்கம் எதற்குச் சாட்சி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வேட்பாளர்களின் படைப்பணி பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, போர்க்களம் கண்டவரே போரைப் பற்றிச் சரியாக முடிவெடுப்பார் என்பதை ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாக எடுத்துக்கொண்டு மேலே செல்கிறது. அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணிப்பதிவேடு எழுதியவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒருவர் என்று சேர்ந்தார், எங்கே பணியாற்றினார், எப்போது விடுவிக்கப்பட்டார் என்பதற்கெல்லாம் அந்த ஏடு சான்று. அவருடைய அரசியல் தெளிவைக் குறித்துவைக்க அதில் கட்டம் கிடையாது.

2004 அமெரிக்க அதிபர் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். வியட்நாமில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ரோந்துப் படகுக்குத் தலைமை தாங்கிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி, வீரப் பதக்கங்களான வெள்ளி நட்சத்திரமும் வெண்கல நட்சத்திரமும், காயமுற்றதற்கான பதக்கங்கள் மூன்றும் பெற்றவர். கடற்படை ஆவணங்களும் அவருடன் அதே படகில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் அவர் பக்கம் நின்றும்கூட, வேறு படகுகளில் பணியாற்றிய சிலர் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றி அவரைப் பொய்யர் என்றார்கள். மறுபுறம், 1968-ல் டெக்சாஸ் மாநிலத்தின் பகுதிநேர விமானப்படையான வான் காவல்படையில் சேர்ந்த, அப்போதைய அதிபரும் எதிர் வேட்பாளருமான ஜார்ஜ் புஷ் அங்கே தம் கடமையை முழுமையாகச் செய்தாரா என்ற சர்ச்சை. அவர் செய்யவில்லை என்பதற்கு ஆதாரமாக, 1970-களில் தட்டச்சிடப்பட்டவை என்று சொல்லி சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டிய தாள்கள் உண்மையானவைதாமா என்பதை அந்த நிறுவனத்தாலேயே பின்னர் உறுதிசெய்ய முடியவில்லை. 1970-களின் தட்டச்சுப் பொறியில் அப்படி எழுத்து விழுமா என்று ஊரே வாதிட்டுக்கொண்டிருந்த அந்த செப்டம்பரில்தான், இராக்கில் உயிரிழந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 1,000-ஐக் கடந்தது.

இராக் மீது படை நடத்த அதிபருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட் சபையில் 77-க்கு 23 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அச்சபையின் உறுப்பினரான கெர்ரி அதை ஆதரித்தே வாக்களித்தார். அதே சபையில், வியட்நாம் போரின்போது ஹனோயில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு ஐந்தரை ஆண்டுகள் சிறையில் வதைபட்ட ஜான் மெக்கெய்னும், வியட்நாமில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்த மாக்ஸ் கிளீலேண்டும் ஆதரித்தார்கள். 1945-ல் இத்தாலியில் வலக்கையை இழந்த டேனியல் இனோயே எதிர்த்தார். சீருடையே அணிந்திராத பார்பரா பாக்ஸரும் எதிர்த்தார். இந்த வாக்குகளை யாருடைய பணிப்பதிவேட்டைப் பார்த்து முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்?

படைப்பணி எதையுமே காட்டாது என்று நான் சொல்ல வரவில்லை. தந்தை பசிபிக் பகுதிப் படைகளின் தலைமைத் தளபதி என்பதால் 1968-ல் மெக்கெய்னுக்கு முன்னதாகவே விடுதலை அளிக்க வட வியட்நாமியர் முன்வந்தார்கள். தமக்கு முன் பிடிபட்டவர்கள் முதலில் போகட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகத் தயங்காமல் ஏற்கிறேன். (பிடிபடாதவர்களையே தமக்குப் பிடிக்கும் என்று 2015-ல் டிரம்ப் ஏளனம் செய்தது அருவருப்பானது.) ஆனால் தம் துன்பத்தைத் தாங்கும் உறுதி வேறு, பிறரைப் போருக்கு அனுப்பலாமா என்று எடைபோடும் திறன் வேறு. வியட்நாமில் குண்டடிபட்டு, பின்னாளில் நேட்டோ படைகளுக்குத் தலைமை வகித்த வெஸ்லி கிளார்க்கே, ஒபாமாவை எதிர்த்து மெக்கெய்ன் அதிபர் தேர்தலில் நின்ற 2008-ல், அவரைக் குறித்து ஏறத்தாழ இதைத்தான் சொன்னார். அதற்காகக் கடும் கண்டனத்துக்கு ஆளானார், ஒபாமா தரப்பும் அவருடைய கருத்திலிருந்து விலகிக்கொண்டது.

கட்டுரையாளர் தம் அடுத்த கட்டுரையில், வேட்பாளர்கள் பெற்ற பதக்கங்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, போர்த் தீர்மானங்களில் அவர்கள் அளித்த வாக்குகளையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
வேலூர்.