மஸ்கெலியா போய் வந்தோம்: உங்கள் எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள சபையாருக்கும், சேரம்பாடி, கூடலூர் சொந்தங்களுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் எங்களைத் தாங்கிய எல்லாருக்கும்,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். 2024 ஏப்ரல் கடைசியில் புறப்பட்ட நாங்கள் ஆறு பேரும், அப்பா, அம்மா, என் வீட்டுக்காரர், நான், பிள்ளைகள் இரண்டு பேர், நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பினோம். வந்ததும் வீடு வீடாகப் போய் நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் அப்பா நின்றார். மழை பிடித்துக்கொண்டது, அவருக்கு முழங்கால் வலி வேறு. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுவில் என் பேச்சும் வரும்.

டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில் வளர்ந்த உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். தெரியாத இளம்பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளிச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். போகிறாயா இருக்கிறாயா என்று தோட்டத்துச் சனத்தை முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. தாத்தா மனு எழுதிப் போட்டு, பாஸ்போர்ட் கைக்கு வந்து, 1974-ல் மஸ்கெலியாவிலிருந்து புறப்பட்டார்கள். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஹட்டன் ஸ்டேஷனில் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். அந்த ரயிலை மலையகத்தில் அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள்.

அது பஞ்சகாலம். 1973, 74-ல் தோட்டங்களில் பட்டினியில் ஆட்கள் செத்தார்கள். மாவும் அரிசியும் கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று கொழுந்து எடுக்கப் போனார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) பெரியம்மா ஒருவர் கோச்சியில் சாப்பிட ஆறு ரொட்டி சுட்டு, துணியில் முடிந்து பாட்டி கையில் கொடுத்திருக்கிறார். பொல்கஹவெல ஸ்டேஷன் வந்தபோது அதைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அப்பா தன் சின்ன வயதைப் பற்றி அதிகம் பேசுகிறவர் இல்லை. இந்த ரொட்டியைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வார். "அந்த வீட்டுக்கு ஒரு தடவை போகணும்" என்பார். எங்கள் ஊழியப் பயணம் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்கியது.

என் வீட்டுக்காரர் கண் பரிசோதகர் என்பதால், வெறுங்கையோடு போகாமல் கண்ணாடி கொண்டுபோகலாம் என்று முடிவானது. கூடலூர் கண்ணாடிக்கடை பாய் 240 வாசிப்புக் கண்ணாடியை அசல் விலைக்குக் கொடுத்தார். லாபம் வேண்டாம் என்றவர், பெட்டி கட்டும் அட்டையும் கயிறும்கூடத் தானே வாங்கி வந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் ரவிக்கைத் துண்டுகளை வைத்து 240 உறை தைத்தீர்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். தோட்டத்துப் பெண்கள் கண்ணாடியைவிட உறையைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள், அதற்காகவே வரிசையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. வாலிபர் சங்கத்துத் தம்பிமார் அறுப்பின் பண்டிகையில் டீக்கடை போட்டுச் சேர்த்த பணம்தான் எங்கள் வேன் வாடகை. நாங்கள் இல்லாத பத்து நாளும் கோழிக்குத் தீனி போட்டு, எங்கள் வீட்டு விளக்கையும் ஏற்றி அணைத்த பக்கத்து வீட்டுச் சேச்சிக்கும் நன்றி.

புறப்படும் முன் அப்பா இரண்டே சட்டம் போட்டார். கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கொடுக்கும்போது போட்டோ எடுக்கக் கூடாது. ஏன் படமே போடவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள், காரணம் இதுதான்.

கொழும்பில் இறங்கியதும் ஒரு சோதனை. லென்ஸ் வைத்துப் பார்க்கிற டிரயல் செட் இருந்த பெட்டி மட்டும் விமானத்தில் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. ஹட்டனில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், எங்களை முன்பின் தெரியாதவர், விஷயத்தைக் கேட்டதும் தன் கடையில் இருந்த செட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். ரசீது வேண்டாமா என்றதற்கு, "எங்க சனத்துக்குத்தானே கொண்டு போறீங்க" என்றார். அண்ணே, அந்த இரண்டு நாளும் உங்கள் கடையில் கண் பரிசோதனையே நடந்திருக்காது என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

கண் முகாமை அங்குள்ள சபையின் சின்ன ஆலயத்தில் நடத்துவதாக இருந்தோம். முதல் நாள் மத்தியானமே மழை கொட்டி, வாசல் முழுக்கச் சேறு. மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் தாங்களாகவே வந்து, "மடத்துல வைங்க, பெஞ்சு இருக்கு, லைட்டு இருக்கு" என்று சொல்லி, தாங்களே பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். உபதேசியாரும் கோயில் தலைவரும் சேர்ந்து நின்று ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது என் பிள்ளைகள் மறக்கவே கூடாத காட்சி. அனுமதி கொடுத்த தோட்ட நிர்வாகத்துக்கும், ஒருநாள் லீவு போட்டு வந்து கண்புரை பார்த்த டாக்டர் அம்மாவுக்கும் நன்றி. மேல் லயத்திலிருந்து இறங்க முடியாத வயதானவர்களை எட்டு நடை போய் ஏற்றி வந்த சிங்கள டிரைவர் அண்ணனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். "மெதுவா, அம்மா, மெதுவா" என்ற மூன்று சொல்லிலேயே எல்லாரையும் பத்திரமாக இறக்கினார்.

இரண்டாம் நாள்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். பெரியம்மா இறந்து நாளாகிவிட்டது. அவருடைய மூத்த மகள் இருக்கிறார், எழுபது வயது. அதே லயம், அதே காம்பரா, தகரம் மட்டும் புதுசு. அவர்கள் குடும்பம் போட்ட மனு எந்தப் பக்கமும் முடியாமல் கிடந்து, 2003-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் இலங்கைக் குடியுரிமை கையில் வந்ததாம். பிறந்த மண்ணில் ஐம்பது வயதை நெருங்கும்வரை நாடில்லாதவராக இருந்திருக்கிறார். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு இது ஆறவில்லை.

மடத்துக்குக் கூட்டி வந்து, இரண்டரைப் பவர் கண்ணாடியை என் வீட்டுக்காரர் மாட்டிவிட்டார். எழுத்து அட்டையை நீட்டினால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. தன் வலது கையைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் கொழுந்து கிள்ளிய விரல். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெடித்து, வெடிப்புக்குள் கறை கறுப்புக் கோடாக இறங்கியிருந்தது. "இம்புட்டுக் கோடா?" என்று கேட்டுவிட்டு, எதிரில் குனிந்து நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "மூக்கு உங்க அப்பாருதேன்" என்றார். அப்பா அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ரொட்டிக் கதையை அப்பா சொன்னார். அந்த அக்கா கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "ஆமா தம்பி, வீட்டுல அந்த மாவுதான் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்களுக்குச் சாயத்தண்ணிதான். நீங்க தூரம் போற ஆளுகன்னு அம்மா சொல்லிச்சு." சாயத்தண்ணி என்றால் பால் இல்லாத வெறும் தேநீர்.

அப்பாவுக்கு இது தெரியாது. மாவு கொஞ்சம் இருந்தது, அதில் கொடுத்தார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். அன்று சாயங்காலம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்து ஓரம் போய் வெகுநேரம் தனியாக நின்றார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் வற்றியிருந்ததால், அணைக்காக மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளியே தெரிந்தது. சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து அந்த டவுனுக்குப் போனதாக ராத்திரி பிள்ளைகளிடம் சொன்னார். அப்புறம் நிறுத்தாமல் பேசினார், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம், கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா, பனியில் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடந்தது என்று. அம்மாவே இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டார்களாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 240 கண்ணாடியில் 197 போனது. மீதி 43 கண்ணாடியும் உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். நாங்கள் வந்த நாளில் கொழுந்து எடுக்கப் போயிருந்தவர்களுக்குக் கொடுப்பார். கண்புரை என்று டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்தவர்கள் 14 பேர். அவர்கள் ஆஸ்பத்திரி போய்வர பஸ் செலவுக்கென்று, காணிக்கையில் மீந்த 11,400 ரூபாயையும் அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். முழுக் கணக்கு நோட்டு ஆலயக் கமிட்டியிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

திரும்பி வரும் நாள் விடியற்காலையில் அந்த அக்கா ஹட்டன் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார், கழுத்தில் கண்ணாடி உறை தொங்க. அம்மா கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். வண்டி ஏறியதிலிருந்து அப்பா அதை மடியில் வைத்திருந்தார், பிள்ளைகள் பசிக்கிறது என்றும் பிரிக்கவில்லை. பொல்கஹவெல வந்ததும் பிரித்தார். ஒன்பது ரொட்டி, கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். ஆளுக்கு ஒன்றரை வந்தது.

உங்கள் எல்லாருக்கும் நன்றி.

இப்படிக்கு,
அப்பாவுக்காகவும் குடும்பத்துக்காகவும் எழுதும் மகள்,
சேரம்பாடி