அம்பாசிடரின் தரையை மூடிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். காரின் தரை துருப்பிடித்து ஓட்டையாகி, டிரைவர் சீட்டுக்குக் கீழே ரோடு தெரிகிறது. "மேலே ஒரு தகரத்தைப் போட்டு ரிவிட் அடிச்சுடலாம், மேட் விரிச்சா யாருக்குத் தெரியும்" என்று பட்டறையில் சொன்னார்களாமே. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே.

அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை செய்துவந்த வண்டி அது. லாரியைப் போலக் கீழே ஒரு சட்டம் இருந்து அதன்மேல் பாடி உட்காரவில்லை. தரை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளும் அந்த உடம்பில்தான் தொங்குகின்றன. தரை போனால் போனது தரை மட்டுமில்லை.

பழைய தகரத்துக்கு மேலே புதுத் தகரம் வைத்தால் நடுவில் ஈரம் தங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். தூத்துக்குடி உப்புக்காற்றில் இத்தனை வருஷம் நின்ற வண்டிக்கு இது சீக்கிரமே நடக்கும்.

முதலில் சீட், மேட், அடியில் ஒட்டிய தார்ப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடு. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு கணீரென்று கேட்கும், செத்த தகடு தொப்பென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்து. உள்ளே இறங்கினால் அதுவும் வெட்ட வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிட வெட்ட வேண்டிய இடம் எப்போதுமே பெரிதாக இருக்கும். அதற்காக மனம் தளராதே.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துத் தற்காலிகமாக வெல்டு பண்ணச் சொல். வண்டி சமதளத்தில், நன்றாக முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் முழுசாக முடிந்த பிறகுதான் மறுபக்கம். இதை விட்டால் நடுப்பகுதி தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சாத்தாது. அதைச் சரிசெய்வது தரை போடுவதைவிடப் பெரிய வேலை.

தகடு 18 கேஜ் தடிமனில் சி.ஆர். ஷீட், அதாவது பூச்சில்லாத இரும்புத் தகடு வாங்கு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம், அதன் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும். கேஸ் வெல்டிங்கில் தகடு சூடேறி நெளியும், கரியமில வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் சி.ஓ.2 வெல்டிங்தான் சரி. அதையும் ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கே ஒரு பொட்டு, ஒரு ஜாண் தள்ளி ஒரு பொட்டு என்று ஆறவிட்டு வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் யாரும் நெருப்பைத் தொடக் கூடாது. இதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதே.

இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில், வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் பிரைமரை முன்பே அடித்துவிடு. முடிந்ததும் துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமர், ஓரங்களில் இடுக்கை அடைக்கும் சீலர். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி இந்த வேலைக்குள் வரவே கூடாது.

மேட் விரிப்பதற்கு முன்னால் முன்கண்ணாடி மேலே ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டுப் பார். கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் காய்ந்திருந்தால் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி நேராகக் கால் வைக்கும் இடத்துக்கு வரும். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் கம்பி விட்டுக் குத்திவிடு. ஷீட் வெட்டுகிற அன்றைக்கு ஒரு போன் போடு, நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்