கல்லில் இருப்பது கமெலான் அல்ல

ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள போரோபுதூர் பௌத்த ஆலயச் சிற்பங்கள் பற்றிய தங்கள் கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அங்கே செதுக்கப்பட்டிருப்பது கமெலான் குழு (வெண்கலத் தாளக் கருவிகளை முதன்மையாகக் கொண்ட ஜாவா இசைக்குழு) என்று பொதுவாகச் சொல்லிவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. 9ஆம் நூற்றாண்டு ஜாவாச் சிற்பிகள் காட்டுவது வில்யாழ், வீணையை ஒத்த நரம்புக் கருவிகள், குழல், சங்கு, கைத்தாளம், பலவகை முழவுகள். இன்றைய கமெலானுக்கு உயிரான, தொங்கவிட்டு அடிக்கும் பெரிய வெண்கல கோங் அந்தச் சுவர்களில் இல்லை. வில்யாழோ இன்று ஜாவாவில் வழக்கில் இல்லை (நம் யாழும் அப்படித்தானே மறைந்தது!). ஆகவே இச்சிற்பங்களைக் கமெலானுக்கு முந்தைய ஓர் இசை மரபின் சான்றாகவே பார்க்க வேண்டும்.

நான் அங்கே போயிருந்தபோது வழிகாட்டி புத்தர் கதையை அழகாக விளக்கினார். வாத்தியக்காரர்கள் இருந்த பலகைகளை மட்டும் எல்லோரும் வேகமாகக் கடந்துவிட்டோம். பெரும்பாலான பயணிகளுக்கு இதுதான் நடக்கிறது என நினைக்கிறேன். தங்கள் ஞாயிறு இணைப்பில் இப்பலகைகளைக் கருவியின் பெயரோடு படத்தொடராக வெளியிடலாம். அடித்தளத்தில் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும் 160 பலகைகளுக்கும் ஜாவா ஒளிப்படக் கலைஞர் கஸ்ஸியன் செஃபாஸ் 1890-91இல் எடுத்த ஒளிப்படங்கள் உள்ளன, அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்