நெல்லுக்கு உண்டு, வெண்டைக்கு இல்லையா?

மாநில நில விவகாரங்களுக்குப் பொறுப்பேற்றிருப்போருக்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்து எழுதுகிறேன். தோட்டங்கள் கைமாறித் தொழிலாளர் லயவீடுகள் காலியான கதை உங்களுக்குத் தெரியும். அப்படி வெளியே வந்த சிலர் தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறோம். என்னுடையது இரண்டு ஏக்கர்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அடுத்த மாதம் முதல் குத்தகை 150 வெள்ளியல்ல, 300 வெள்ளி. கட்ட முடியாவிட்டால் நிலத்தை விட்டுவிடலாம். அன்று காலையில்தான் வெண்டையில் முதல் பூ வந்திருந்தது.

இந்த நிலம் எங்கள் கைக்கு வந்தபோது இடுப்பளவுக்கு லாலாங் புல். வேரோடு தோண்டி எடுக்க எனக்கும் மனைவிக்கும் நான்கு மாதம் ஆனது. தண்ணீர் தேங்கிய பக்கத்தில் வாய்க்கால் வெட்டினோம். மூன்று வருடமாகக் கோழி எருவை மோட்டார் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினோம். இப்போது அள்ளினால் மண் பொலபொலவென்று உதிர்கிறது. ஏன் ஐயா இவ்வளவு ஏற்றம் என்று நிலக்காரரைக் கேட்டேன். "மண் இப்போது நன்றாக இருக்கிறதே" என்றார். என் முதுகுவலிக்கு நானே குத்தகை கட்ட வேண்டுமாம்!

சட்டத்தைத் தேடிப் போனேன். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கானதாம். அதையும் 1997இல் ரத்து செய்து, 1999 கடைசியோடு கணக்கை முடித்துவிட்டீர்கள். நெல் பயிரிடுவோருக்கு 1967இல் தனிச் சட்டம் வந்தது. குத்தகைத் தொகைக்கு வரம்பும் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்பும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. நெல் விளையும் கிரியானில் பிறந்து நாற்று நட்டிருக்க வேண்டும் நான். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு வேண்டும் என்கிறது தேசிய நிலச் சட்டம். மூன்று ஆண்டுக்கு மேற்படாதது வாய்ப்பேச்சாகவே இருக்கலாம். எங்களுக்கு எது கிடைக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

கேட்பது ஒன்றுதான். நெல்லுக்கு எழுதியதைக் காய்கறிக்கும் எழுதுங்கள். குத்தகையை எவ்வளவு ஏற்றலாம், எப்போது ஏற்றலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். பயிர் நிற்கும்போது எங்களை வெளியேற்றக் கூடாது.

40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டாடி விற்பதென்றால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரனை விரட்ட ஒரு கைப்பேசி போதும். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் உழைப்பைப் பாராட்டி வாழ்த்துச் செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. அந்தப் பாராட்டைக் குத்தகையில் கழித்துக்கொள்ள வழியிருந்தால் சொல்லுங்கள்.

மன்னிக்கவும், சொல் தடித்துவிட்டது. பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: நெல்லுக்கு எழுதியதைக் காய்கறிக்கும் எழுதுங்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவீர்களா என்றாவது ஒரு வரி பதில் போடுங்கள். இந்த வெண்டை இன்னும் இரண்டு மாதம் காய்க்கும். எனக்கு இருப்பது மூன்று வாரம்.

இப்படிக்கு,
ஒரு காய்கறிக் குத்தகைக்காரன்