பாலில் தெளியும் சர்பத்: பெயர் தெரியாத தம்பிக்கு நன்றி

கும்பகோணம் கல்யாண மண்டபத்து மாக்டெயில் கவுன்டரில், பெரிய ஹோட்டல் பார்களில் போடும் மில்க் பஞ்ச் (புளிப்பில் பாலைத் திரியவைத்து, வடித்துத் தெளியவைக்கும் பானம்) முறையை ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்த தம்பிக்கு எங்கள் சமையல் குழுவின் நன்றி.

ஆறிய டீ டிகாஷன் 600 மில்லி, நன்னாரி சிரப் 150, எலுமிச்சைச் சாறு 100. இந்தக் கலவையை 250 மில்லி பாலில் மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றி, பாலை இதில் ஊற்றினால் சட்டென்று கட்டி கட்டியாகத் திரிந்து, வடித்தாலும் கலங்கலாகவே நிற்கும்.

அரைமணி கழித்துத் துணியில் வடிக்கவும். முதலில் இறங்குவது கலங்கல்தான். அதைத் துணியில் தங்கிய திரட்டின் மேலேயே மறுபடி ஊற்ற, சொட்டுச் சொட்டாகப் பளிங்கு போல் இறங்கும். டீயின் துவர்ப்பைப் பால் புரதம் பிடித்துக்கொள்கிறது. அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் எல்லாம் போச்சு!

பார்வைக்குப் பால் தெரியாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.