சின்ன வண்டி போதும், சண்முகம்

முடோன், பர்மா
ஆடி மாதம், மழை நாள்

அன்புள்ள சண்முகம்,

உன் மருமகன் பஸ்ஸில் கொடுத்துவிட்ட பொட்டலம் நனையாமல் வந்து சேர்ந்தது. காப்பித்தூளை அன்றைக்கே பிரித்துவிட்டோம். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தை மாதம் என்றால் கட்டாயம் வருகிறோம்.

இங்கே மழை விட்டபாடில்லை. மோல்மீன் பக்கத்து வருஷ மழை ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் என்பது உனக்குத் தெரிந்ததுதான், அதில் முக்கால்வாசிக்கு மேல் இந்த நாலு மாதத்திலேயே கொட்டிவிடும். ரப்பர் பால் வெட்டு நின்று ஒன்றரை மாதம் ஆகிறது. துரியான் முடிந்தது, மங்குஸ்தான் கடைசிக் காய்கள் மரத்தில் நிற்கின்றன.

ரங்கூன் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, தட்டோனில் அப்பா நட்ட தோட்டத்துக்கே வந்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு நம் தெருவில் பாதிப் பேர் கப்பலேறிவிட்டார்கள். உன் அப்பாதான் போகாமல் காட்டுப் பக்கம் போய் நிலம் பார்த்தார். அந்த எட்டு ஏக்கர் உன் கையில் மறுபடி உயிர் பெறட்டும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வீதியிலிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர் செம்மண் பாதை, நடுவில் ஓர் ஓடை, கடைசியில் ஒரு மேடு. இதற்கு எஞ்சின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போகிற ஃபோர் வீல் வண்டியில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மகன் பெரிய டீசல் ஜீப்பாகப் பார் என்கிறான், உனக்குச் சின்னதாக இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. உனக்குத் தோன்றியதுதான் சரி. ஏன் என்று என் கதையையே சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நானும் ஒரு பெரிய டீசல் ஜீப் வாங்கினேன். எடை இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல எஞ்சின், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனி மாதம் ஒருநாள் மச்சானோடு தோட்டத்துக்குப் போனேன். மேடு ஏறும் இடத்தில் பின்பக்கம் மெல்ல ஒதுங்கி ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டே அச்சு வரைக்கும் சேற்றில் புதைந்தது. அன்று இரவு பால் வெட்டும் ஆட்களின் குடிசையில் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்து மோன் இனத்துக்காரர் துரியான் ஏற்றிய ஒரு பொடி லாரியில் அதே மேட்டை ஏறி எங்களைத் தாண்டிப் போனார். அப்புறம் உழவு எஞ்சின் பூட்டிய பார வண்டியான தோலாஜி இரண்டைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துத்தான் என் ஜீப்பை எடுத்தோம்.

அன்றிலிருந்து எடையைத்தான் முதலில் பார்க்கிறேன். நம் செம்மண் வெயிலில் செங்கல் மாதிரி இருக்கும். மழையில் மேலே இரண்டு மூன்று அங்குலம் களியாகிவிடும். கனமான வண்டி அந்தக் களியை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும், இறங்கிய பிறகு எத்தனை குதிரை சக்தி இருந்தாலும் அது பள்ளத்தை ஆழப்படுத்தத்தான் உதவும். லேசான வண்டி மேலாகவே போகும். மாட்டிக்கொண்டாலும் மூன்று பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வந்துவிடும். இன்னொன்று அகலம். தோட்டத்துப் பாதைகள் எல்லாம் மாட்டு வண்டிக்கும் தோலாஜிக்கும் வெட்டியவை. அகல வண்டி போனால் ஒரு பக்கச் சக்கரம் எப்போதும் பாதையோரத்துப் புல்லில்தான் ஓடும். புல்லுக்கு அடியில் என்ன பள்ளம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

ஜப்பான்காரர்கள் இதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு வகை வண்டி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் 660 சிசிக்கு மேல் போகக்கூடாது, 1998-லிருந்து நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், அதற்கு மேல் கூடாது என்று அவர்கள் சட்டம். அந்த அளவுக்குள் ஃபோர் வீல் போட்டுச் செய்தவற்றில் மூன்று வகை நம் ஊரில் நிறைய ஓடுகின்றன.

முதலில் சுசுகி ஜிம்னி. 1970-இல் 359 சிசி எஞ்சினோடு வந்தது, இன்றுவரை அதன் எலும்பு மாறவில்லை. ஏணி மாதிரியான தனிச் சேஸி, முன்னும் பின்னும் முழு அச்சு, மெதுவாக இழுக்க லோ கியர். நாம் சின்ன வயதில் பார்த்த மாஸ்டா ஜீப்பையும், சண்டைக் காலத்தில் விட்டுப்போன வில்லிஸ் ஜீப்பையும் நினைத்துப் பார், அதே அமைப்புத்தான், சிறிதாக. 1990-இலிருந்து 95 வரை வந்த ஜேஏ11 பட்டை ஸ்பிரிங் வண்டி. உடம்பைக் குலுக்கும், ஆனால் எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டலாம். 1998-க்குப் பிறகு வந்த ஜேபி23-இல் சுருள் ஸ்பிரிங், ஓட்டம் மெத்தென்று இருக்கும். ஆனால் முன் சக்கரத்தை அச்சோடு சேர்க்கிற ஹப்பைப் பூட்டுவது ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் ஏற்பாடு. குழாய் வெடித்துவிட்டால் சுவிட்சைப் போட்டும் முன் சக்கரம் இழுக்காது. வாங்கும்போது அதை அவசியம் சோதிக்க வேண்டும்.

2018-இல் வந்த புது ஜிம்னியின் படத்தை வெட்டி அனுப்பியிருந்தாய். அழகான வண்டி, எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த விலையில் உன் தோட்டத்துக்கு வேலி போட்டு, ஒட்டுக்கன்றும் வாங்கி நட்டுவிடலாம்.

அடுத்தது பஜேரோ மினி. ரங்கூனில் நீ தினமும் பார்ப்பதுதான். எஞ்சின் நாலு சிலிண்டர், தார் ரோட்டில் ஜிம்னியைவிட சுகம். ஆனால் அதற்குத் தனிச் சேஸி கிடையாது, உடம்பே சேஸி. பள்ளத்தில் தொடர்ந்து அடிவாங்கினால் ஜிம்னி அளவுக்குத் தாங்காது என்பது என் எண்ணம். டெரியோஸ் கிட் எப்போதும் நாலு சக்கரத்திலும் ஓடும் வண்டி, மழை ரோட்டுக்கு நல்லது. லோ கியர் இல்லை, உன் மேட்டுக்கு அது வேண்டாம்.

மூன்றாவதுதான் அந்த மோன்காரர் ஓட்டிய பொடி லாரி. சுசுகி கேரி, தைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பார். சின்னப் பையன்கள் விளையாடும் பொம்மை மாதிரி இருக்கும், நாமும் அதை மதிப்பதில்லை. ஜப்பானில் நெல் வயலுக்கும் பழத் தோட்டத்துக்கும் போகிற வண்டி இதுதான். ஃபோர் வீல் போட்டதும் நிறைய உண்டு. வெறும் வண்டி 800 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஏற்றும் எடை 350 கிலோ என்று கணக்கு, அதாவது 50 கிலோ உர மூட்டை ஏழு. ஜிம்னியின் பின் சீட்டை மடக்கினாலும் மூன்று நாலு மூட்டைக்கு மேல் திணிக்க முடியாது. ஆக்டிக்கு எஞ்சின் பின் அச்சுக்குச் சற்று முன்னால் தட்டுக்கு அடியில் இருக்கிறது, பழைய சாம்பாருக்குப் பின் அச்சுக்கும் பின்னால். காலி லாரி என்றால் பின் சக்கரம் மிதக்கும், பிடிக்காது. இவற்றில் எஞ்சினின் பாரமே சக்கரத்தை அழுத்திக் கொடுக்கிறது. ஆக்டியில் ‘அட்டாக்’ என்று எழுதியிருந்தால் விடாதே. அதில் ஆள் நடக்கிற வேகத்துக்கும் கீழே ஊர்கிற தனி கியரும், பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதியும் உண்டு.

அந்தப் பூட்டு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஃபோர் வீல் என்றால் நாலும் இழுக்கும் என்று நாம் நினைக்கிறோம். டிஃபரன்ஷியல் என்பது அச்சின் நடுவில் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சக்தியை விட்டுவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேற்றில் வழுக்கினால் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். பூட்டைப் போட்டால் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். அன்று மேட்டில் எனக்கு இது தெரியாது.

டயர் விஷயமும் இந்த லாரிக்குச் சாதகம். அதற்கு 12 அங்குலம். சாமான் ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்கும் அதே அங்குலம் என்பதால் சின்ன ஊரிலும் கடைக்காரர் கைவசம் வைத்திருப்பார். ஜிம்னியின் 16 அங்குல ஒல்லி டயருக்கு மோல்மீனில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

குறையையும் மறைக்கக் கூடாது. லாரியில் இரண்டே சீட்டு. முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடுதான், மோதினால் ஆபத்து. அதனால் ரங்கூனுக்குப் போக வர பஸ்ஸே இருக்கட்டும், தட்டோன் சந்தைக்கும் தோட்டத்துக்கும் மட்டும் இதை வைத்துக்கொள். உன் வீட்டில் தங்கச்சிக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். ஜிம்னி உயரம், ஏற ஒரு காலை நன்றாகத் தூக்க வேண்டும். லாரியில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடலாம். பேரப்பிள்ளைகள் மாதா மாதம் வந்து தங்குவார்கள் என்றால் ஜிம்னி. நீங்கள் இரண்டு பேரும் மூட்டையும்தான் என்றால் யோசிக்காமல் லாரி. நான் இதையே உனக்குச் சொல்கிறேன், என் ஜீப்பைக் கொடுத்துவிட்டு இப்போது ஓட்டுவதும் இதைத்தான்.

பார்க்கப் போகும்போது முதலில் குனிந்து அடியைப் பார். ஜப்பானில் ஃபோர் வீல் வாங்குகிறவர்களில் பலர் பனி விழும் வடக்கத்திக்காரர்கள். அங்கே பனி உருக ரோட்டில் உப்பு போடுவார்கள், அந்த உப்பு சேஸியைத் தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே சுத்தியலால் தட்டினால் உதிரும். ஜிம்னி என்றால் முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார், கடகடவென்றால் சக்கரம் திரும்பும் மூட்டில் இருக்கும் கிங் பின் பேரிங் போயிருக்கிறது. டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல். பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போன வண்டி. ஓடி வந்த சூட்டோடு ஓடையில் இறங்கினால் அச்சு சட்டென்று குளிர்ந்து உள்ளே இழுக்கும், மூச்சுக் குழாய் தாழ இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். உன் வண்டிக்கு அந்தக் குழாயை ஒரு ரப்பர் டியூப் மாட்டி மேலே ஏற்றிவிடச் சொல், அரை மணி வேலை. ஓடைக்கு முன்னால் பத்து நிமிஷம் நிறுத்திச் சூடு தணிந்த பிறகு இறங்கு.

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலை எடுத்துவிடு. வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் நடுவில் அதை ஈடுகட்ட ஒன்றும் கிடையாது. டயர் வழுக்கிக்கொடுக்க இடமில்லாமல் கியர்பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

காகிதம் பற்றி ஒன்றே ஒன்று. எல்லைப் பக்கத்திலிருந்து வந்த, பதிவில்லாத ‘வித்தவுட்’ வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது வருவார்கள். வேண்டாம். ஓனர் புக்கில் எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் நீயே கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடு. கிடைக்கிற பழைய வண்டிகள் எல்லாம் வலப்பக்க ஸ்டீயரிங்காகத்தான் இருக்கும். 1970 டிசம்பரில் நாடு வலப்பக்கம் ஓட மாறியதிலிருந்து நாம் அப்படியே பழகிவிட்டோம். முந்தும்போது மட்டும் பக்கத்தில் இருக்கிற தங்கச்சியைப் பார்த்துச் சொல்லச் சொல்.

மழை விடட்டும் என்று காத்திருக்காதே, இப்போதே போய்ப் பார். ஈரத்தில்தான் ஒழுக்கும் வழுக்கலும் தெரியும். முடிந்தால் இரண்டு மூட்டை அரிசியை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார். இங்கே நான் வண்டி விடுகிற பட்டறையின் சயா, அதாவது மேஸ்திரி, அடுத்த மாதம் உறவினர் வீட்டுக்கு ரங்கூன் வருகிறார். இருபது வருஷமாக இந்தப் பொடி வண்டிகளைத்தான் பிரித்துப் பூட்டுகிறார். உன் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். அவரைக் கூட்டிக்கொண்டு போ, ஒரு வேளைச் சாப்பாடு போட்டு அனுப்பு, வேறு எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

வண்டியை எடுத்து வரும் வழியில் லேகு பக்கம் ஷ்வே ஞாவுங்பின் என்கிற தெய்வ ஆலமரத்தில் நிறுத்தி, ஊர் வழக்கப்படி வண்டியை மூன்று தடவை முன்னும் பின்னும் வணங்க வைத்துவிட்டு வா. தட்டோன் சேர்ந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்குவது என் வேலை. இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும், ஓடைக் கரையில் மூங்கில் வெட்டிப் போட ஆளோடு வந்து காத்திருக்கிறேன். வரும்போது உன் அப்பா வைத்திருந்த அந்தப் பால் வெட்டுக் கத்தி இன்னும் இருந்தால் கொண்டு வா, பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் ராமலிங்கம்